வைஷாலியின் தம்பி

2025 செப்டம்பரில் தரங்கம்பாடியில் இருந்தேன். டேனிஷ் கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை. பெஞ்சில் கிடந்த பேப்பரில் ஒரு பெண்ணின் படம். உஸ்பெகிஸ்தானில், சாமர்கண்டில் நடந்த கிராண்ட் ஸ்விஸ் செஸ் போட்டியில் முதலிடம். பக்கத்திலிருந்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “யாருப்பா இந்தப் பொண்ணு?” என்றார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நம்ம பிரக்ஞானந்தா இருக்கான்ல, அவனோட அக்கா பெரியப்பா.” பெரியவர் திருப்தியாகி அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

டீக்கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். பேப்பரும் டி.வி.யும் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் திருப்பிச் சொன்னார். 2023 டிசம்பரில் வைஷாலி கிராண்ட்மாஸ்டருக்கான 2500 புள்ளியைத் தொட்டபோது வந்த செய்திகளைத் தேடிப் பாருங்கள். ‘உலகின் முதல் அக்கா-தம்பி கிராண்ட்மாஸ்டர்கள்’ என்பதுதான் முதல் வரி. பொய் இல்லை, சாதனைதான். ஆனால் இந்த வரியில் அந்தப் பெண்ணுக்குப் பாதி இடம்தான். அவர் எப்படி ஆடுகிறார், எங்கே பலம், எங்கே ஓட்டை என்றெல்லாம் யாரும் பேசவில்லை. உறவுமுறை தெரிந்தால் நமக்குப் போதும் போலிருக்கிறது. கல்யாண வீட்டில் ‘நீ யார் வீட்டுப் பொண்ணு?’ என்று கேட்கிற அதே கேள்வி.

முதலில் கால வரிசையைச் சரி செய்துகொள்வோம். வைஷாலி பிறந்தது 2001 ஜூனில். தம்பி பிறந்தது 2005 ஆகஸ்டில். அப்பா ரமேஷ்பாபு வங்கி ஊழியர். பெண் எந்நேரமும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறாளே என்று செஸ் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். ஒரு பிள்ளைக்கே இந்தச் செலவு என்றால் தாங்காது, பையனுக்கு செஸ் வேண்டாம் என்றுதான் அப்பா முதலில் நினைத்திருந்தார். அவன் கேட்டால்தானே! அக்கா காய் நகர்த்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். 2012-ல் வைஷாலி 12 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் பட்டம் வாங்கினார். 2013-ல் மாக்னஸ் கார்ல்சன் சென்னைக்கு வந்து ஒரே நேரத்தில் பலரோடு ஆடிய காட்சி ஆட்டத்தில் அவரைத் தோற்கடித்தார். 2015-ல் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பட்டம். ஆரம்பத்தில் செஸ் வட்டாரத்தில் பிரக்ஞானந்தாதான் ‘வைஷாலியின் தம்பி’. இதை இன்றைக்கு யாரிடமாவது சொன்னால் ஜோக் என்று நினைப்பார்கள்.

பிறகு 2018 வந்தது. தம்பி 12 வயது பத்து மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனான். உலகமே திரும்பிப் பார்த்தது. அதே வருஷம் அக்காவுக்கும் ஒரு பட்டம் கிடைத்தது. மகளிர் கிராண்ட்மாஸ்டர். ‘மகளிர்’ என்கிற அந்த ஒரு வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

பெயரைக் கேட்டால் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, இரண்டும் சமம் என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. கிராண்ட்மாஸ்டருக்கு 2500 ரேட்டிங் வேண்டும். மகளிர் கிராண்ட்மாஸ்டருக்கு 2300 போதும். 200 புள்ளி என்பது சின்ன விஷயம் இல்லை. 200 புள்ளி அதிகம் உள்ளவர் நான்கு ஆட்டம் ஆடினால் சுமாராக மூன்று புள்ளி எடுப்பார் என்பது கணக்கு. கிராண்ட்மாஸ்டர் பட்டம் ஆண்களுக்கு மட்டுமானது அல்ல, யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பெண்களுக்கென்று உயரம் குறைத்த வாசல் ஒன்றை 1976-ல் தனியாகத் திறந்து வைத்தார்கள். நல்லெண்ணம்தான். ஆனால், பெரிய வாசல் வழியாக வரும் பெண்ணைப் பார்த்து வாட்ச்மேன், ‘அம்மா, உங்க கேட் அந்தப் பக்கம்’ என்று கை காட்டுகிற நிலைமையையும் அதுதான் உண்டாக்கியது.

பெரிய வாசல் வழியாக முதலில் வந்தவர் ஜார்ஜியாவின் நோனா கப்ரிந்தாஷ்விலி, 1978-ல். இந்தியாவில் விஜயவாடா பக்கத்திலிருந்து கோனேரு ஹம்பி 2002-ல் வந்தார், 15 வயதில். ஹரிகா 2011-ல். அதற்கப்புறம் வைஷாலி. பிறகு 2025 ஜூலையில் நாக்பூர் திவ்யா தேஷ்முக், உலகக் கோப்பை ஃபைனலில் ஹம்பியையே ஜெயித்து வந்தார். திவ்யா இந்தியாவின் 88-வது கிராண்ட்மாஸ்டர். அந்த 88 பேரில் பெண்கள் நாலே நாலு.

தமிழ்நாட்டுக் கணக்கு இன்னும் மோசம். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் நம்ம ஆனந்த், 1988-ல். அன்றிலிருந்து சென்னை இந்திய செஸ்ஸின் தலைநகரம் என்று மார்தட்டிக்கொண்டு வருகிறோம். ஆண்களில் இரண்டு டஜனுக்கு மேல் கிராண்ட்மாஸ்டர்கள் இங்கிருந்து வந்துவிட்டார்கள். முதல் பெண் எப்போது வந்தார்? 2023-ல். முப்பத்தைந்து வருஷம்!

திறமை இல்லையா? சென்னை எஸ்.விஜயலட்சுமியின் பெயர் உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகமிருக்கிறது? இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் அவர்தான். பொதுவான இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டத்தை வாங்கிய முதல் இந்தியப் பெண்ணும் அவரே. தேசியப் பட்டங்கள், ஒலிம்பியாட் பதக்கங்கள் எல்லாம் உண்டு. கிராண்ட்மாஸ்டர் மட்டும் ஆகவில்லை. அவருடைய ஆட்டத்தில் குறை கண்டுபிடித்துக் காரணம் சொல்லிவிடலாம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

ஏனென்றால் கிராண்ட்மாஸ்டர் பட்டம் ஹாலில் உட்கார்ந்து பரீட்சை எழுதி வாங்குவது அல்ல. ‘நார்ம்’ என்று ஒன்று உண்டு. வழக்கமாக ஒன்பது ரவுண்டு போட்டி. எதிரே வருகிறவர்களில் மூன்று பேராவது கிராண்ட்மாஸ்டராக இருக்க வேண்டும், வெளிநாட்டுக்காரர்களும் வேண்டும். அவர்களோடு ஆடி 2600 தரத்தில் விளையாடியதாகக் கணக்கு வர வேண்டும். இப்படி மூன்று தடவை. அந்த மாதிரி போட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவில்தான். அரைப் புள்ளியில் தவறிப்போனால் திரும்ப விசா, திரும்ப டிக்கெட். பதினைந்து வயதுப் பையன் இன்னொரு பையனோடு ரூம் எடுத்துத் தங்கி, பிரெட் தின்று ஆடிவிட்டு வந்துவிடுவான். பெண் பிள்ளையை நம் வீடுகளில் தனியாக அனுப்புவார்களா? கூட ஒருவர் போக வேண்டும். டிக்கெட் ரெண்டு. சாப்பாடு ரெண்டு. ஒருவருடைய வேலை, இன்னொருவருடைய அடுப்படி எல்லாம் நிற்கும்.

வைஷாலி வீட்டில் அந்த ‘கூட ஒருவர்’ அம்மா நாகலட்சுமி. ரைஸ் குக்கரையும் அடுப்பையும் பெட்டியில் வைத்துக்கொண்டு தேசம் தேசமாகப் போய் ரசம் வைத்துக் கொடுத்த அம்மா. அந்தப் படத்தைப் பார்த்து நாமெல்லாம் கண் கலங்கினோம். கலங்கியது சரி. ஒரு கிராண்ட்மாஸ்டர் உருவாக அம்மா ஒருவர் முழுநேர ஊழியராக வேண்டியிருக்கிறதே, இதற்கு வழியில்லாத வீட்டுப் பெண் என்ன செய்வாள் என்பதுதான் நாம் கேட்காமல் விட்டது.

தரங்கம்பாடியில் இருந்துகொண்டு இதை யோசிப்பது சங்கடமாக இருந்தது. பெண் பிள்ளைகளுக்கென்று 1707-லேயே பள்ளிக்கூடம் திறந்த ஊர் இது. அதற்கு முந்தின வருஷம்தான் ஜீகன்பால்க் கப்பலில் வந்து இறங்கியிருந்தார். பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருந்தால் பெண்ணைப் படிக்க வைத்துவிடலாம் என்பதை இந்தக் கடற்கரை ரொம்பச் சீக்கிரமே பார்த்துவிட்டது. செஸ்ஸில் கஷ்டம் என்னவென்றால், மூன்று வகுப்பு பாஸான பிறகு நாலாவது வகுப்பு பார்சிலோனாவில் இருக்கிறது.

மறுநாள் காரைக்கால், திருவாரூர் வழியாகப் பூவனூர் போனேன். நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகிற ரோட்டில் இருக்கிறது. அப்பர் பாடிய ஸ்தலம். சுவாமி பெயர் சதுரங்க வல்லபநாதர். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது இந்தக் கோயிலுக்குத் திடீர் புகழ் வந்தது. கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு ராஜாவுக்குத் தவமிருந்து பெண் குழந்தை கிடைக்கிறது, சாட்சாத் அம்பாளே வந்து பிறக்கிறாள். பெயர் ராஜராஜேஸ்வரி. சதுரங்கத்தில் அவளை ஜெயிக்க ஆளில்லை. யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் பெண் என்று ராஜா அறிவிக்கிறார். தேசத்து ராஜகுமாரர்கள் வரிசையாக வந்து தோற்றுப் போகிறார்கள். கடைசியில் ஒரு கிழவர் வருகிறார். ஆடுகிறார். ஜெயிக்கிறார். கிழவர் சிவபெருமான். கல்யாணம், மங்களம், சுபம்.

அழகான கதை. நம் சமவெளியில் எந்தக் காலத்திலோ ஒரு பெண்ணை ஆகப் பெரிய ஆட்டக்காரியாகக் கற்பனை செய்து கோயிலே எழுப்பியிருக்கிறார்கள் என்பது பெருமைதான். பக்தியில் குறுக்கிடுவதாக நினைக்க வேண்டாம், ஒரு வாசகனாக எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். கதை நகர வேண்டுமென்றால் அவள் எல்லோரையும் ஜெயிக்க வேண்டும், கதை முடிய வேண்டுமென்றால் அவள் தோற்க வேண்டும். அவள் ஆடின ஆட்டங்களில் நமக்குச் சொல்லப்படுவது ஒன்றே ஒன்று. தோற்ற ஆட்டம். அதற்கப்புறம் அவள் சதுரங்கம் ஆடினாளா? கதை சொல்லவில்லை.

நிஜத்தில் நடந்தது வேறு மாதிரி. ரோகிணி காடில்கர் என்று மும்பைப் பெண். 1976-ல் இந்திய ஆண்கள் சாம்பியன்ஷிப்பில் ஆட உட்கார்ந்தார். வயது 13. ஆண்களில் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். விஷயம் உலகச் செஸ் சம்மேளனம் வரைக்கும் போய், தலைவர் மாக்ஸ் யூவே, பெண் என்பதற்காக யாரையும் தடுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். ‘மகளிர் கிராண்ட்மாஸ்டர்’ பட்டம் பிறந்ததும் அதே 1976-ல்தான். ஒரு கதவைத் திறந்த வருஷத்திலேயே பக்கத்தில் சின்னக் கதவு ஒன்றையும் வைத்துவிட்டார்கள்.

(சதுரங்கப் பலகையில் ராணி கதையும் இப்படித்தான். நம் பழைய ஆட்டத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றது மந்திரி. குறுக்காக ஒரே ஒரு கட்டம் நகரும், அவ்வளவுதான். 15-ம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் அந்தக் காய்க்குப் பலகை முழுக்க ஓடுகிற பலத்தைக் கொடுத்தார்கள். அப்போது சில பேர் அதைப் ‘பைத்தியக்கார ராணி ஆட்டம்’ என்று கேலி செய்தார்கள்!)

சரி, வைஷாலியின் ஆட்டத்துக்கு வருவோம். அக்கா என்பதை எடுத்துவிட்டு, பெண் என்பதையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் எப்படிப்பட்ட ஆட்டக்காரர்?

தாக்கி ஆடுகிறவர். டிராவுக்குக் கை நீட்டிவிட்டு எழுந்து போகிற ரகம் அல்ல. சிக்கலான நிலைகளை விரும்பிப் போய் உண்டாக்குகிறார், அதில் யோசித்து யோசித்துக் கடிகாரத்தில் நேரத்தைக் கரைத்துவிடுகிறார். நேர நெருக்கடியில் கை நழுவிப் போன ஆட்டங்கள் அவர் கணக்கில் நிறைய. ரேட்டிங் 2024, 25 இரண்டு வருஷமும் 2500-ஐ ஒட்டியே சுற்றிக்கொண்டிருந்தது. ஹம்பி தன் உச்சத்தில் 2623 தொட்டவர். ஹங்கேரியின் ஜூடித் போல்கர் 2735. அந்த உயரத்தில் வைஷாலியை வைத்துப் பேசினால் அது புகழ்ச்சி இல்லை, முகஸ்துதி.

ஆனால் அவரிடம் வேறொன்று இருக்கிறது. 2024 ஏப்ரலில் டொராண்டோவில் கேண்டிடேட்ஸ் போட்டி. உலக சாம்பியனோடு மோதப் போவது யார் என்று முடிவு செய்கிற போட்டி. எட்டுப் பேர், 14 ரவுண்டு. வைஷாலி ஆறாவது ரவுண்டிலிருந்து ஒன்பது வரை வரிசையாக நான்கு ஆட்டம் தோற்றார். ஒன்பது ரவுண்டு முடிவில் இரண்டரைப் புள்ளி, கடைசி இடம். செஸ் ஆடியவர்களுக்குத் தெரியும், ஒரு தோல்விக்கே ராத்திரி தூக்கம் வராது. நாலு தோற்றபின் மறுநாள் போய் அதே நாற்காலியில் உட்கார வேண்டும். பெரும்பாலானவர்கள் மீதியை டிரா செய்து மானத்தோடு ஊர் திரும்பப் பார்ப்பார்கள். வைஷாலி மீதி ஐந்து ஆட்டத்தையும் ஜெயித்தார். ஐந்தும்! ஏழரைப் புள்ளி, ஹம்பியோடும் சீனாவின் லெய் டிங்ஜியோடும் சேர்ந்து இரண்டாவது இடம்.

இது ஏதோ ஒரு தடவை நடந்த அதிசயம் என்று நினைத்தால், 2025-ஐப் பாருங்கள். ஆகஸ்டில் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியின் சேலஞ்சர்ஸ் பிரிவு. பத்துப் பேரில் பெண்கள் இரண்டு பேர்தான், ஹரிகாவும் வைஷாலியும். சொந்த ஊர், தெரிந்த முகங்கள். வைஷாலி தொடர்ச்சியாக ஏழு ஆட்டம் தோற்றார். அடுத்த மாதம் இருந்த கிராண்ட் ஸ்விஸ்ஸுக்குப் போகாமலே இருந்துவிடலாமா என்று யோசித்திருக்கிறார். வீட்டாரும் நண்பர்களும் தள்ளிவிடாத குறையாக அனுப்பினார்கள். அங்கே 11 ரவுண்டில் எட்டுப் புள்ளி. ரஷ்யாவின் லாக்னோவும் அதே எட்டு, டைபிரேக்கில் வைஷாலிக்கு முதலிடம். 2023-ல் ஐல் ஆஃப் மேனிலும் இதே பட்டத்தை வாங்கியிருந்தார். கிராண்ட் ஸ்விஸ்ஸை இரண்டு தடவை ஜெயித்தவர், ஆண்களையும் சேர்த்து, அதுவரை ஒருவரும் இல்லை.

பேப்பரில் இந்த ஏழு தோல்விகளைச் சில பேர் ‘சோதனைகளைத் தாண்டி’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார்கள். எனக்கென்னவோ இந்த ஏழும் முக்கியம் என்று படுகிறது. அவர் மறைந்துகொள்ள இடமிருந்தது. பெண்கள் போட்டிகளிலேயே ஆடிக்கொண்டு, ரேட்டிங்கைப் பத்திரமாகப் பொத்தி வைத்துக்கொள்ளலாம். ஆண்கள் இருக்கிற பிரிவில் போய் அடிவாங்கி, அந்த அடியில் என்ன கற்றாரோ, அதை எடுத்துக்கொண்டு சாமர்கண்ட் போனார். பூவனூர்க் கதையில் இல்லாத அத்தியாயம் இதுதான்.

அப்படியானால் பெண்களுக்குத் தனிப் போட்டியே வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். போல்கர் அப்படித்தான் சொன்னார், பெண்கள் உலக சாம்பியன்ஷிப் பக்கமே போகவில்லை. ஆனால் போல்கர் வீட்டில் அப்பா, அம்மா இரண்டு பேருமே மூன்று பெண்களையும் செஸ்ஸுக்காகவே வளர்த்தார்கள். எல்லார் வீட்டிலும் அது நடக்காது. பெண்கள் போட்டிகளில் வருகிற பரிசுப் பணம்தான் பல பேருக்கு அடுத்த டிக்கெட். ஹம்பி குழந்தை பெற்றுக்கொண்டு இரண்டு வருஷம் ஆடாமல் இருந்துவிட்டு, 2019-ல் திரும்பி வந்து உலக ரேபிட் சாம்பியன் ஆனார், 2024-ல் மறுபடியும். அந்தப் போட்டி இல்லையென்றால் அவர் திரும்பி வந்திருப்பாரா என்பதே சந்தேகம். அதனால் போட்டிகள் இருக்கட்டும். 2300-க்குக் கொடுக்கிற அந்தப் பட்டத்தைத்தான் ஓய்வுக்கு அனுப்பிவிடலாம் என்பது என் கட்சி. திறமையுள்ள பெண்ணுக்கு அது பாதியிலேயே ‘வந்து சேர்ந்துவிட்டாய்’ என்று சொல்லிவிடுகிறது. பதினேழு வயது வைஷாலியிடமும் சொன்னது. அவர் கேட்கவில்லை, இன்னும் ஐந்து வருஷம் ஆடினார்.

போட்டிகள் இருக்கட்டும் என்று சொல்லும்போது காசு விஷயத்தையும் பேசிவிட வேண்டும். 2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்தியாவின் இரண்டு அணிகளும் தங்கம் வாங்கின. தம்பி ஒரு அணியில், அக்கா இன்னொன்றில். தமிழ்நாடு அரசு இருவருக்கும் ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. ஒரு பைசா வித்தியாசமில்லை. கிராண்ட் ஸ்விஸ்ஸில் அப்படி இல்லை. 2023-ல் பொதுப் பிரிவில் ஜெயித்த விதித் குஜராத்திக்கு 80,000 டாலர், பெண்கள் பிரிவில் ஜெயித்த வைஷாலிக்கு 25,000 டாலர். சாமர்கண்டில் பொதுப் பிரிவில் ஜெயித்த நெதர்லாந்தின் அனிஷ் கிரிக்கு 90,000, வைஷாலிக்கு 40,000. இரண்டு பிரிவுக்கும் அதே ஊர், அதே பதினொரு ரவுண்டு. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தது, இரண்டு வருஷத்தில் பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கிறது.